ஓடிபி வராமல் போன பணம்

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நம்மூரில் அர்த்தம். எடுத்தேன். மயிலாடுதுறை கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது; இன்னமும் எனக்கு அவர் வாத்தியார்தான்.

"தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு என் கிரெடிட் கார்டுல டாலர்ல ஏதோ எடுத்திருக்கான். ஓடிபியே வரல. நான் யார்கிட்டயும் எதையும் சொல்லல. கார்டு இதோ சட்டைப் பையிலதான் இருக்கு. அப்புறம் எப்படிடா?"

போன தொகை சுமார் 23,000 ரூபாய். "முதல்ல கார்டை பிளாக் பண்ணுங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்" என்றேன். பண்ணிவிட்டார். ஆனால் அந்த 'எப்படி'யை விடவில்லை. 'உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று ஒருவன் ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிற மனிதர் அவர். ஏமாந்துபோய் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியானால் திருடனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அட்டையின் எண், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், முடிந்தால் பின்பக்கத்து மூன்று இலக்கம் (சிவிவி). இவ்வளவுதான். இவற்றில் ஒன்றுகூட ரகசியமாக இருக்கும்படி யாரும் வடிவமைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அட்டை எண்ணைச் சாவி மாதிரி நினைத்துப் பொத்திப் பொத்தி வைக்கிறோம். அது விலாசம். பெட்ரோல் பங்க்கில் நீட்டுகிறோம், ஓட்டலில் பில் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிறோம், பத்துப் பன்னிரண்டு இணையக் கடைகளில் தட்டச்சு செய்கிறோம். காட்டினால்தான் அது வேலை செய்யும். காட்டிவிட்டால் ரகசியம் இல்லை.

அந்தப் பதினாறு இலக்கங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 4 என்று தொடங்கினால் விசா, 5 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு, ரூபே அட்டைகள் பல 6 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள், புதிய முறைப்படி எட்டு, எந்த வங்கியின் எந்த வகை அட்டை என்பதைச் சொல்லிவிடும். கடைசி இலக்கம் கணக்குப் போட்டு வருவது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற ஜெர்மானியர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழிமுறை அது. காப்புரிமை 1960இல் கிடைத்தது.

செய்முறை எளிது. 1842 என்ற சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது இடங்களில் இருப்பவற்றை இரட்டிப்பாக்க வேண்டும். விடை ஈரிலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்க வேண்டும். 2 அப்படியே, 4 என்பது 8, 8 அப்படியே, 1 என்பது 2. கூட்டினால் 20. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. அவசரத்தில் 1852 என்று அடித்தால் கூட்டுத்தொகை 13. இடம் மாற்றி 1482 என்று அடித்தால் 15. இரண்டும் மாட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதில் 09, 90 என்ற ஒரு ஜோடி மட்டும் தப்பிவிடும். (இதைச் சொன்னபோது, பணம் போன வருத்தத்திலும் வாத்தியார் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தித் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.) லூன் யோசித்தது கைத்தவறைப் பற்றி. திருடனைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

இப்போது திருடன் பக்கத்திலிருந்து பாருங்கள். வங்கியின் எட்டு இலக்கம் ஊருக்கே தெரிந்தது. கடைசி இலக்கம் தானாக வந்துவிடும். நடுவில் மிச்சம் ஏழு. மொத்தம் ஒரு கோடி எண்கள். மனிதனுக்கு ஒரு கோடி பெரிது. கணினிக்கு அது ஒரு மூச்சு. அந்த ஒரு கோடியில் பல எண்கள் யாரோ ஒருவரின் பையில் அட்டையாக இருக்கின்றன. எவரிடமிருந்தும் திருடாமலே எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாம்.

எண் கிடைத்தாலும் காலாவதித் தேதியும் பின்பக்க இலக்கமும் வேண்டுமே? இங்கேதான் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட வேலை வயிற்றைக் கலக்குகிறது. அட்டை அதிகம் போனால் ஐந்து ஆண்டு செல்லும் என்று வைத்தால், காலாவதி மாதம் அறுபதில் ஒன்று. சிவிவி ஆயிரத்தில் ஒன்று. இரண்டையும் ஒருசேர ஊகிக்க வேண்டுமானால் 60,000 முயற்சி தேவை. ஆனால் சில இணையக் கடைகள் எண்ணையும் தேதியையும் மட்டும் கேட்கின்றன. சில, சிவிவியும் சேர்த்துக் கேட்கின்றன. முதல் வகைக் கடையில் தேதியைக் கண்டுபிடித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் வகைக் கடைக்குப் போனால் பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. 60,000 என்பது 1,060 ஆகச் சுருங்கிவிடுகிறது. பூட்டை மொத்தமாகத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு நெம்புகோலாகத் திறந்தால் போதும்.

ஒரு கடை பத்து இருபது தடவை தப்பாக அடித்தால் தடுத்துவிடும். சரி, அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான். உலகத்தில் கடைக்கா பஞ்சம்? ஆய்வாளர்கள் சுமார் 400 பெரிய தளங்களை எடுத்துக்கொண்டு, தங்கள் சொந்த அட்டைகளிலேயே சோதித்தார்கள். முயற்சிகளைப் பல தளங்களில் ஒரே நேரத்தில் பரப்பினால் ஆறே விநாடியில் எல்லாம் கிடைத்துவிடும் என்று கண்டார்கள். மாஸ்டர்கார்டின் வலையமைப்பு, வெவ்வேறு கடைகளிலிருந்து ஒரே அட்டைக்கு வந்த தவறான முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்துப் பத்துக்குள் தடுத்தது. விசாவின் வலையமைப்பு அப்போது அப்படிப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில்தான் பிரிட்டனின் டெஸ்கோ வங்கி மீது தாக்குதல் நடந்திருந்தது. 48 மணி நேரத்தில் சுமார் 22.6 லட்சம் பவுண்ட் போயிற்று. திருடர்கள் அட்டை எண்களை யாரிடமும் களவாடவில்லை, கணக்குப் போட்டு உண்டாக்கியிருக்கலாம் என்பதுதான் ஒழுங்குமுறை ஆணையம் வந்த முடிவு. வங்கிக்கு 1.64 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது.

வாத்தியாருடைய எண் எங்கே கசிந்தது என்று தேடுவது வீண் என்று நான் நினைப்பது இதனால்தான். கசிந்திருக்கவே வேண்டியதில்லை. கசிந்திருந்தாலும் வழி ஆயிரம். 2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து நான்கு கோடி அட்டைகளின் விவரம் போனது. திருடர்கள் உள்ளே வந்தது அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாக. அங்கே அட்டை தேய்த்த நான்கு கோடிப் பேரில் ஒருவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

எண் விலாசம் என்றால் சாவி எது? அட்டையிலுள்ள சிப்தான். ஆனால் அதற்கு முன்பிருந்த கறுப்புப் பட்டையின் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி காந்தப் பட்டையை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டப் பார்த்து, எந்தப் பசையும் சரிப்படாமல் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி டொரத்தியா துணி தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டிப் பாருங்களேன் என்றாராம். ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டை வேறொன்றுமில்லை, கேசட்டுக்குள் இருக்கிற அதே சரக்கு. எண்பதுகளில் வளர்ந்த எவருக்கும் அது ஞாபகம் இருக்கும்: வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டால் ரெக்கார்டிங் சென்டரில் மறுநாள் பதிந்து தருவார்கள். அட்டைப் பட்டையிலும் அதுவே நடந்தது. ஏடிஎம் வாயில் ஒட்டிய ஸ்கிம்மர் என்ற கருவி பட்டையைப் படித்துக்கொள்ளும். மேலே ஒளித்த கேமரா விரல் அடிக்கும் பின் நம்பரைப் பார்த்துக்கொள்ளும். நகலுக்கும் அசலுக்கும் இயந்திரத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது.

சிப் செய்த மாற்றம் இதில்தான். அது எதையும் ஒப்பிக்காது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஸ்வைப் மெஷின் தொகை, தேதி, தாறுமாறான ஓர் எண் இவற்றை அனுப்பும். சிப் தனக்குள் புதைந்த ரகசிய எண்ணைக் கொண்டு, தன் வரிசைக் கணக்கையும் சேர்த்து, ஒரு விடையைக் கணக்கிட்டுத் தரும். வங்கியிடமும் அந்த ரகசிய எண்ணின் இணை இருப்பதால் விடை சரியா என்று பார்த்துவிடும். ரகசியம் சிப்பை விட்டு வெளியே வருவதில்லை. இடையில் ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது நேற்றைய தேர்வின் விடைத்தாள். இன்றைக்குக் கேள்வி வேறு. இந்திய வங்கிகள் பட்டை மட்டும் உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது இதற்காகத்தான்.

சிப்பையும் ஏமாற்றினார்கள். 2010இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு வழியைக் காட்டினார்கள்: அட்டைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்சுற்று உட்கார்ந்துகொண்டு மெஷினிடம் 'பின் சரிதான்' என்றும், அட்டையிடம் 'கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்' என்றும் சொல்லும். கோள்சொல்லி மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு பேச்சு. இது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது வங்கித் துறை. அடுத்த ஆண்டே பிரான்ஸில் ஒரு கும்பல், திருடிய அட்டையின் சிப் மேல் இன்னொரு சிப்பை ஒட்டி அதைச் செய்துகாட்டியது. நாற்பது அட்டைகள், கிட்டத்தட்ட 7,000 பரிவர்த்தனைகள், ஆறு லட்சம் யூரோவுக்குச் சற்றே குறைவு. நீதிமன்றச் சான்றுப் பொருளானதால் ஆய்வாளர்கள் அட்டையை வெட்டிப் பார்க்க முடியாமல் எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அதற்கு அட்டையைக் கையில் திருட வேண்டியிருந்தது. சிப் கடைவாசலை ஓரளவு அடைத்துவிட்டது. திருடன் இணைய வாசலுக்கு நகர்ந்தான். அங்கே சிப்பைச் செருக இடமில்லை. பழைய விலாசத்தைத்தான் தட்டச்சு செய்கிறோம்.

இந்த வாசலில் இந்தியா முன்கூட்டியே ஒரு தாழ்ப்பாள் போட்டது. 2009 ஆகஸ்டு 1 முதல் இணைய வாங்குதலுக்கு அட்டை விவரம் மட்டும் போதாது, இரண்டாவது அத்தாட்சி வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. அதுதான் இன்றைய ஓடிபி. பதினைந்து வருஷத்துக்கு மேல் பழகியதில், ஓடிபி இல்லாமல் காசு நகராது என்பது நமக்கு இயற்கை விதி மாதிரி ஆகிவிட்டது. அது இந்திய விதி. நமது வங்கியின் அட்டையை வெளிநாட்டுக் கடை ஒன்றில் பயன்படுத்தினால், அந்த நாட்டு வழக்கம்தான் செல்லும். ஓடிபி கேட்க வேண்டிய கட்டாயம் பல நாட்டுக் கடைகளுக்கு இல்லை. எண், தேதி, சிவிவி; சமயத்தில் சிவிவியும் வேண்டாம்.

வாத்தியாரிடம் கேட்டேன்: "சார், கார்டுல இன்டர்நேஷனல் ஆன்ல இருக்கா?"

இருந்தது. போன வருஷம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது திறந்தது. திரும்பி வந்து பெட்டியைப் பரண்மேல் போட்டார், அதை மூடவில்லை.

2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டை உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் கைக்கு வரும். இணையம், வெளிநாடு, தட்டிவிட்டுப் போகும் முறை ஆகியவற்றை நாம்தான் தனித்தனியாகத் திறக்க வேண்டும், வரம்பும் வைக்கலாம். என்னைக் கேட்டால், பத்திரிகைகள் வருஷாவருஷம் எழுதும் பாதுகாப்புக் குறிப்புகள் அத்தனையையும்விட வங்கிச் செயலியில் இருக்கும் இந்தச் சுவிட்சுகளுக்கு மதிப்பு அதிகம். எண்ணை மறைப்பது நம் கையில் இல்லை. எண் தெரிந்தவனுக்கு வாசல் திறந்திருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. தட்டிவிட்டுப் போகும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. அவ்வளவு தேவையில்லை என்பவர்கள் அதைக் குறைத்துவிடலாம், மூடிவிடலாம்.

இணையக் கடைகளில் அட்டையைச் 'சேமித்து' வைப்பதும் இப்போது முன்பு மாதிரி இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடைகள் அட்டை எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதில் அந்தக் கடைக்கும் உங்கள் அட்டைக்கும் மட்டுமான ஒரு டோக்கன் எண் இருக்கும். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற வில்லை மாதிரி; அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கோயிலில் நீட்டினால் செருப்பு கிடைக்காது.

தாழ்ப்பாள் உறுதியாக உறுதியாகத் திருடன் கதவை விட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட ஆரம்பித்தான். 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று 2022 வாக்கில் தமிழ்நாடெங்கும் சுற்றிய குறுஞ்செய்தி ஞாபகமிருக்கும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு இன்னொன்று. அதை நிறுவி, குறுஞ்செய்தி படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்னே அவன் கண்ணில் படும். சிம் மாற்று மோசடி மற்றொன்று: உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிடுவார்கள். காரணமில்லாமல் போனில் டவர் முழுதாகப் போய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் வந்தால், வெளியே மழையைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தச் செய்தியில் ஆறு இலக்கத்தோடு எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு என்பதும் பெரும்பாலும் இருக்கும். நாம் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அடிக்கிறோம். இப்போதெல்லாம் போனே அதை எடுத்துக் கட்டத்தில் நிரப்பிவிடுகிறது, பார்ப்பதுகூட இல்லை. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 'பணம் வருவதற்கான ஓடிபி' என்று ஒருவன் சொல்லும்போது, செய்தியில் 49,999 ரூபாய் செலுத்த என்று எழுதியிருக்கும்.

அட்டை போனால் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதவை இருக்கின்றனவே, அவற்றின் கதை இன்னும் மோசம். பான் எண்ணின் நான்காவது எழுத்து, தனிநபர் என்றால் 'பி'. ஐந்தாவது, குடும்பப்பெயரின் முதலெழுத்து. கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. ஆதாரின் கடைசி இலக்கமும் அப்படித்தான். அது வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதர் 1969இல் தந்த முறை. லூன் தவறவிட்ட 09, 90ஐயும் பிடித்துவிடும். இவையும் விலாசங்கள்தான். ஆனால் இவற்றின் நகல் ஒன்றைக் கொடுத்தாலே 'நான்தான் நான்' என்று ஆகிவிடுகிற இடங்கள் நிறைய. ஜெராக்ஸ் கடை அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தப் போனில் பாதி ஊரின் அடையாளம் கிடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், போன் தொலையாதா?

கைரேகை பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2014இல் ஜெர்மனியின் கேயாஸ் கணினி மன்றத்தைச் சேர்ந்த ஒருவர், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபொன் டெர் லேயெனின் பெருவிரல் ரேகையைச் செய்தியாளர் கூட்டத்துப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துக்காட்டினார். 2018இல் தெலங்கானாவில், இணையத்தில் கிடைத்த பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகைகளைக் கொண்டு ரப்பர் அச்சு செய்து சிம் கார்டுகளை இயக்கிய வழக்கு பிடிபட்டது. ரேகையை நாள் முழுக்கத் தொட்ட இடமெல்லாம் விட்டுவிட்டுப் போகிறோம். போனால் வேறு விரல் வாங்க முடியாது. ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். ரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் இல்லாத எவரும் அதைத் திறந்து வைத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நகல் கொடுக்க வேண்டிய இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். காகித நகல் என்றால் என்ன காரியத்துக்கு, என்ன தேதி என்று படத்தின் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது நம் தாத்தாக்கள் காலத்து வழக்கம், இன்றும் பழசாகவில்லை.

உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்கியிருந்தால் உங்களுக்கு ஓடிபியோ குறுஞ்செய்தியோ வராமலே போகலாம். பல சமயம் வசூல் ஆள் வரும்போதுதான் தெரியும். அதை முன்பே காட்டும் கண்ணாடி, நாம் பொதுவாகச் சிபில் என்று சொல்லும் கடன் அறிக்கை. இந்தியாவில் அதை வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் பூராவும் காவல் இருக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளம் சொல்லும். ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும்.

வாத்தியாரின் பணத்துக்கு வருவோம். 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிதான் இதில் அவருக்கு ஆயுதம். தப்பு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை, வேறெங்கோ நடந்த கசிவு என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை அவர் தலையில் விழும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியைத் தானே எடுத்துக்கொடுத்திருந்தால், புகார் செய்யும் நிமிஷம் வரை போனதெல்லாம் அவருடையது. வாடிக்கையாளர் மேல் தப்பு என்று வங்கி சொன்னால் நிரூபிக்க வேண்டியது வங்கிதான். வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சொல்ல மாட்டார். தேதி, நேரம், புகார் எண் இவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1930க்குப் போன் செய்வதோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவதோ அதே நாளில் நடக்க வேண்டும். பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போது மணிக்கணக்கில் அல்ல, நிமிஷக்கணக்கில்தான் பிடிக்க முடியும்.

மறுநாள் அவருடைய பழைய செய்திகளைப் புரட்டியபோது இன்னொன்று கிடைத்தது. திருட்டுக்கு முந்தைய நாள் மாலை ஒரு டாலருக்கும் குறைவாக ஒரு பரிவர்த்தனை. அட்டை உயிரோடு இருக்கிறதா என்று திருடன் நாடி பிடித்துப் பார்த்தது அது. சில்லறைத் தொகைதானே என்று அவர் விட்டுவிட்டார். கணக்கு வாத்தியாருக்கு எல்லாவற்றையும்விட இதுதான் வலித்தது.

விடியற்காலையிலேயே புகார் கொடுத்திருந்ததால் பணம் திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் புது அட்டையும் வந்தது. கொண்டுவந்த கூரியர் பையன் வாசலில் நின்று, "சார், டெலிவரி ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றான். வாத்தியார் அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, செய்தியை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படித்தாராம். வெயில் என்று அவன் முனகியிருக்கிறான். மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் படித்திருக்கிறார்.